நிலுவை பூஜ்யம் என்றீர்கள், கோப்பு என் மடியில் இருந்தது

தொழில் தொடங்குவதை எளிதாக்கும் சீர்திருத்தங்களை வகுக்கும் அரசு அதிகாரிகளுக்கு,

சென்ற மாதம் தருமபுரியில் சிறு தொழில் செய்பவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. மேடையில் திரை கட்டி ஒரு அட்டவணை காட்டினார்கள். வந்த விண்ணப்பங்கள் இத்தனை, காலக்கெடுவுக்குள் முடித்தவை இத்தனை, நிலுவை பூஜ்யம். கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம். நானும் தட்டினேன், அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் அப்போது என் மடியில் இருந்த மஞ்சள் பையில், புளிக் கொட்டகை கட்ட அனுமதி கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்ட என் விண்ணப்பம் இருந்தது.

கூட்டம் முடிந்ததும் ஒரு இளநிலை ஊழியரிடம் கேட்டேன். "என் கோப்பு முடியவே இல்லையே, பூஜ்யம் எப்படி வந்தது தம்பி?" அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. "திருப்பி அனுப்பிட்டா எங்க கணக்குல அது முடிஞ்சதும்மா. நீங்க மறுபடி போட்டா புது நம்பர், புது தேதி." அவ்வளவுதான். பதினாறு மாதமாக எனக்குப் புரியாதது அந்த இரண்டு வரியில் புரிந்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

நான் அரூர் பக்கத்தில் புளி வியாபாரம் செய்கிறேன். வியாபாரம் என்றால் மண்டி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தை கடைசியில் மரம் பார்த்து மகசூல் பேசுவோம். சாலையோர மரங்களுக்கு ஏலம் உண்டு, அது பெரிய ஆட்களுக்கு. எங்களுக்குப் பட்டா நிலத்து மரங்கள். மாசி, பங்குனியில் உலுக்கி, காயவைத்து, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து, அடித்துக் கட்டி வைப்போம். எங்கள் ஊரில் ஒன்பது பெண்கள் என்னோடு இந்த வேலை செய்கிறார்கள். கொட்டையைத் தனியாகக் கொடுத்துவிடுவோம். அது மாவாகி, துணிக்கும் சணலுக்கும் கஞ்சி போடப் போகிறது. புளியில் கொஞ்சம் கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு மூட்டையாகப் போகும். மிச்சத்தை அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலமாகப் போட்டு சேலத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். மூட்டையில் விற்றால் கூலி மிஞ்சும், பொட்டலத்தில் விற்றால்தான் லாபம் மிஞ்சும். பொட்டலத்துக்குத்தான் இடம் வேண்டும், மேடை போட்ட தரை வேண்டும், மெஷின் வேண்டும், கரண்ட் வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே இது நடக்காது. அதனால் சாலையை ஒட்டிய எங்கள் புஞ்சை நிலத்தில், 38 சென்டில், ஒரு கொட்டகை கட்ட நினைத்தேன். உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கு 2020இல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்ததே, திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் என்று, அதில் விண்ணப்பித்தேன். வங்கியும் சரி என்றது. கட்டட அனுமதியும் மற்ற சான்றுகளும் வந்தால் பணம் விடுவிக்கிறோம் என்று கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்தை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன். அது 2024 மே மாதம்.

ஜூனில் கட்டட அனுமதிக்கு முதல் விண்ணப்பம். இருபத்தெட்டாவது நாள் திரும்பி வந்தது. காரணம்: "உரிய ஆவணங்களை இணைக்கவும்." எந்த ஆவணம்? எழுதவில்லை. நேரில் போனேன். நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது, தனிப்பட்டா வேண்டும் என்றார்கள். நியாயம்தான். என் மாமனார் இறந்து எட்டு வருடம் ஆகிறது, கொழுந்தனார் பெயரும் சேர்ந்துதான் இருந்தது. உட்பிரிவுக்குப் பணம் கட்டி, சர்வேயர் வர ஐந்து மாதம் காத்திருந்து, கல் நட்டு, தனிப்பட்டா வாங்கினேன். இதில் கொழுந்தனாரோடு நடந்த பேச்சுவார்த்தை தனிக்கதை. அதற்கு நீங்கள் பொறுப்பில்லை.

இரண்டாவது விண்ணப்பம். இருபத்தொன்பதாவது நாள் திரும்பியது. இந்த முறை வில்லங்கச் சான்று பழையதாம். தனிப்பட்டாவுக்காகக் காத்திருந்த ஐந்து மாதத்தில்தான் அது பழையதானது. ஒரு அலுவலகம் தாமதமாகக் கொடுத்ததால் இன்னொரு அலுவலகத்துத் தாள் காலாவதியாகிறது. இரண்டும் அரசாங்கம்தான், ஆனால் அலைவது நான். புதிதாக எடுத்து மூன்றாவது முறை போட்டேன். அப்போது, புஞ்சை நிலத்தைத் தொழில் பயன்பாட்டுக்கு மாற்றிய உத்தரவு எங்கே என்று கேட்டு மீண்டும் திருப்பினார்கள். அதை முதல் முறையே கேட்டிருக்கலாம் அல்லவா? முதல் முறை அந்தக் காகிதம் இல்லாததை யாரும் பார்க்கவில்லையா, அல்லது பார்த்தும் அடுத்த முறைக்கு மிச்சம் வைத்தார்களா? ஒவ்வொரு முறையும் முப்பது நாள் கெடுவுக்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் திரும்பி வருவது தற்செயல் என்று நம்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

இதெல்லாம் நடப்பது இணையதளத்தில். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றீர்கள். பக்கம் முழுக்க ஆங்கிலம். நான் பிளஸ் டூ வரை படித்தவள், எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவேன். ஆனால் ஒரு கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்றே தெரியாது. ஸ்கேன் செய்த பத்திரம் பெரிய கோப்பாக இருந்தால் ஏறாது, சிறிதாக்கினால் எழுத்து தெரியவில்லை என்று திருப்புவார்கள். ஒவ்வொரு முறையும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஓடிபி வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரூர் வரை டவுன் பஸ்ஸில் எங்களுக்கு இலவசம், அதற்கு நன்றி. தருமபுரிக்கு டிக்கெட். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: இந்த ஒரு கொட்டகைக்காக இதுவரை 43 நாள் வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இணையதளம் வந்த பிறகு இந்தக் கணக்கு.

அந்த 43 நாளில் எத்தனையோ பேரைப் பார்த்தேன். ஒருவர் மிகவும் அன்பாகப் பேசினார். "அக்கா, நீங்க ஏன் அலையறீங்க, நாற்பதாயிரம் கொடுங்க, இருபது நாள்ல ஆர்டர் கையில" என்றார். அவர் எந்த அலுவலகத்திலும் வேலை செய்பவர் இல்லை, வாசலில் உட்கார்ந்திருப்பவர். அவருக்கு மட்டும் எப்படி இருபது நாள் என்று கேட்டேன். சிரித்தார். எனக்குத் தெரிந்த இன்னொருவர், இதே வட்டத்தில், இதே மாதிரி கொட்டகைக்குப் பதினொரு நாளில் அனுமதி வாங்கினார். உங்கள் அட்டவணையில் அவரும் "காலக்கெடுவுக்குள்", நானும் "காலக்கெடுவுக்குள்".

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் பொருளாதாரம் படித்தவள். நான் போனில் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "அம்மா, இது உனக்கு மட்டும் இல்லை, உலகம் முழுக்க இப்படித்தான் எண்ணியிருக்கிறார்கள்" என்று சில விஷயங்கள் சொன்னாள். கேட்டபோது கோபம் அதிகமானதே தவிர குறையவில்லை. உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களுக்கும் தெரியும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

1983இல் பெரு நாட்டின் லிமா நகரத்தில் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளாதார அறிஞர் ஒரு சோதனை செய்தார். இரண்டு தையல் மெஷின் வைத்த ஒரு சின்னத் தையல் பட்டறையை, யாரையும் பிடிக்காமல் சட்டப்படி பதிவு செய்து பார்க்க ஆட்களை அனுப்பினார். 289 நாள் ஆனது. பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். இரண்டு முறை கொடுக்காமல் கோப்பு நகரவே இல்லை. ஏழை நாடுகளில் தொழில் வளராததற்கு இந்த அலைச்சல் ஒரு காரணம் என்ற பேச்சு பரவ அது பெரிய உந்துதலாக இருந்தது. பிறகு உலக வங்கி 2003இலிருந்து ஆண்டுதோறும் நாடுகளை அளந்து அறிக்கை வெளியிட ஆரம்பித்தது, பின்னால் வரிசைப்படுத்தவும் செய்தது. ஒரு தொழில் தொடங்க எத்தனை படி, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று.

நல்ல யோசனைதான். ஆனால் எப்படி எண்ணினார்கள் தெரியுமா? நம் நாட்டுக்கு மும்பையையும் டெல்லியையும் மட்டும் பார்த்தார்கள். வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கம்பெனி ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டார்கள். அதை நடத்துபவருக்கு எல்லா விதியும் முன்கூட்டியே தெரியும், ஒரு நாளும் வீணாக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டார்கள். வக்கீல்களையும் கணக்காளர்களையும் கேட்டு நாட்களைக் கூட்டினார்கள். அந்தக் கணக்கில் 2014இல் வெளியான அறிக்கையில் 142ஆவது இடத்தில் இருந்த இந்தியா 2019இல் வெளியான அறிக்கையில் 63ஆவது இடத்துக்கு வந்தது. பேப்பரில் படித்து நானும் சந்தோஷப்பட்டேன். கூட்டுப் பட்டாவும் பிரவுசிங் சென்டரும் இல்லாத ஒரு ஆளுடைய பயணம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது.

அப்புறம் என்ன ஆனது? சீனா, சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அசர்பைஜான் ஆகிய நாடுகளின் புள்ளிவிவரங்களில் முறைகேடு நடந்தது தெரியவந்து, 2021 செப்டம்பரில் உலக வங்கியே அந்த அறிக்கையை நிறுத்திவிட்டது. முறைகேடு ஒரு பக்கம். அதற்கு முன்பே, 2015இல், மேரி ஹால்வார்ட்-டிரைமெயர், லான்ட் பிரிட்செட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அறிக்கை சொல்லும் நாட்களையும் அதே நாடுகளில் தொழில் செய்பவர்கள் தங்களுக்கு ஆனதாகச் சொன்ன நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. ஒரே ஊரில், ஒரே அனுமதிக்கு, சிலருக்குச் சில நாள், சிலருக்குப் பல மாதம். விதி எல்லோருக்கும் ஒன்று. வேலை நடப்பதோ ஆளுக்கு ஒரு பேரம். பதினொரு நாள்காரரையும் என்னையும் அவர்கள் பார்த்துவிட்டு எழுதியது போல இருக்கிறது.

மகள் சொன்னதில் என்னைப் பிடித்து உலுக்கியது இலங்கைச் செய்தி. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் என்ற மூவர் கொழும்பிலும் கண்டியிலும் பதிவு செய்யாத சிறு தொழில்காரர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2013இல் வெளியிட்டார்கள். பதிவு செய்வது எப்படி என்று விளக்கி, கட்டணத்தையும் நாங்களே தருகிறோம் என்று சொன்னால் எத்தனை பேர் பதிவு செய்வார்கள்? கிட்டத்தட்ட யாரும் வரவில்லை. கையில் பணமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாத லாபம் அளவுக்குக் கொடுத்தபோதுதான் பாதிப் பேர் வந்தார்கள். பணம் கொடுத்தும் வராதவர்கள் ஏன் வரவில்லை? அதிகம் பேர் சொன்ன காரணம் நிலம். இடத்துக்குச் சரியான பத்திரம் இல்லை. கண்டியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைக்காரரும் நானும் ஒரே சிக்கலில்தான் மாட்டியிருக்கிறோம். கட்டணத்தைக் குறைப்பதும் படிவத்தை மூன்று பக்கத்திலிருந்து ஒரு பக்கமாக்குவதும் எங்கள் இருவருக்கும் உதவாது.

விதியே வேண்டாம் என்று கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை எரிந்தபோது இறந்தவர்களில் அரூர் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். தீபாவளி சீசனுக்கு நாலு காசு சம்பாதிக்கப் போன பிள்ளைகள். அந்த வீடுகளின் பக்கம் போய்விட்டு வந்தவள், தீயணைப்புச் சான்று தேவையில்லை என்று எப்படிச் சொல்வேன்? என்னிடம் வேலை செய்யும் பெண்கள் புளித்தூசியில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். காற்றோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் வந்து பார்த்துச் சொன்னால் எனக்கு நல்லது. கலப்படம் செய்பவனைப் பிடித்தால் எனக்குத்தான் முதல் லாபம். அழுக்குப் புளியை என் விலையில் பாதிக்கு விற்பவன் அவன்தானே. உணவுப் பாதுகாப்புப் பதிவு, எடையளவுச் சட்டப்படி பொட்டலத்தில் விலை, எடை, தேதி எல்லாம் நான் போடுகிறேன். போடுவதற்குக் கற்றுக்கொண்டேன். 2019 அக்டோபரிலிருந்து காய்ந்த புளிக்கு ஜிஎஸ்டி எடுத்தார்களே, அதற்கும் நன்றி. 2023இல் மத்திய அரசு 42 சட்டங்களில் 183 பிரிவுகளைத் திருத்தி, சின்னத் தவறுக்கெல்லாம் ஜெயில் என்பதைக் குறைத்ததையும் வரவேற்கிறேன். ஆனால் ஜெயிலுக்குப் போவேன் என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. என் பயமெல்லாம் மறுபடி திருப்பி அனுப்புவார்கள் என்பதுதான்.

பயம் என்று சொன்னதும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் ஒன்பது பெண்கள் என்று மேலே எழுதினேன். ஏன் பத்து இல்லை? 1948 தொழிற்சாலைச் சட்டத்தில் மின்சாரத்தோடு பத்துப் பேர் என்றால் தொழிற்சாலை என்று இருந்தது. அந்த எண்ணிக்கை எங்களைப் போன்றவர்கள் மனதில் எல்லைக்கல் மாதிரி நட்டிருக்கிறது. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் பத்து இருபதாகிவிட்டது என்று மகள் சொன்னாள். இருக்கட்டும். கல்லை நகர்த்தி நட்டால் இனி பத்தொன்பதில் நிற்பார்கள். எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும், யார் வருவார், எதைப் பார்ப்பார், எவ்வளவு செலவாகும் என்று ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தால் நான் எப்போதோ தாண்டியிருப்பேன். பத்தாவது ஆளாக வர இருந்தவள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். இரண்டு குழந்தைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு.

எங்கள் பக்கத்துக்குத் தனியார் முதலீடு வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஓசூரிலிருந்து சூளகிரி, பர்கூர் வரை பெரிய கம்பெனிகள் வந்திருக்கின்றன. தருமபுரிக்கும் வரட்டும், எங்கள் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போகட்டும். அவர்களுக்கு நிலம் எடுத்துக் கொடுத்து, சாலை போட்டு, கரண்ட் இழுத்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு அதிகாரியைக் கூடவே அனுப்பி அனுமதிகளை வாங்கிக் கொடுக்கிறீர்கள். தவறில்லை. பெரிய கம்பெனிக்கே கூட ஓர் ஆள் தேவைப்படுகிறது என்றால், வக்கீலும் கணக்காளரும் இல்லாத எனக்கு ஏன் வெறும் இணையதளம்?

இதை நான் வெறுமனே கேட்கவில்லை. இதே மாவட்டத்தில் அரசாங்கம் ஆள் அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவள் நான். 1989இல் ஐஃபாட் என்ற பன்னாட்டு நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலில் தொடங்கியது எங்கள் தருமபுரியில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் எங்களோடு ஒரே மாவட்டம், 2004இல்தான் பிரிந்தது. பின்னால் மாநிலம் முழுக்கப் பரவிய சுயஉதவிக் குழுக்களுக்கு வேர் இங்கே. நான் கல்யாணமாகி வந்த புதிதில், 1997இல், எங்கள் ஊர்க் குழுவில் சேர்ந்தேன். ஒரு பெண் வாரம் தவறாமல் வருவார். புளியமரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்து, கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார். தீர்மான நோட்டு எழுதக் கற்றுக்கொடுத்தார். வங்கிக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், மேலாளர் முன்னால் நாற்காலியில் உட்காரச் சொன்னார். எங்களில் பலர் அதுவரை வங்கிக்குள் போனதே இல்லை. கடன் மறுக்கப்பட்டால் என்ன காரணம் என்று எழுதி வாங்கச் சொன்னதும் அவர்தான். எழுதிக் கேட்டால் மறுக்கிறவர் யோசிப்பார் என்பார். நான் பின்னால் குழுவுக்கு ஊக்குநர் ஆனேன். புளித் தொழிலுக்கு முதல் முதலீடு அந்தக் குழுக் கடன் 5,000 ரூபாய். அதைத் திருப்பிக் கட்டிய ரசீது இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

அந்தப் பெண் செய்த வேலையை இன்று எந்த அட்டவணையில் எண்ணுவீர்கள்? அவர் வந்த நாட்களா, நாங்கள் வங்கிக்குப் போன நாட்களா?

இப்போது என் நிலைமை. சென்ற மாசிக்குக் கொட்டகை தயாராகும் என்று நம்பி மரங்களுக்கு முன்பணம் கொடுத்தேன். கொட்டகை இல்லாததால் பாதியை மூட்டையாகவே விற்றேன், மீதியைக் குளிர்கிடங்கில் வைத்து வாடகை கட்டினேன். வெளியே வைத்தால் புளி கறுத்துவிடும், கறுத்த புளியைக் கடைக்காரர் தொடமாட்டார். மெஷினுக்குக் கொடுத்த முன்பணம் சேலத்தில் நிற்கிறது. வங்கிக் கடிதத்தின் காலம் ஒரு முறை முடிந்து, கெஞ்சிக் கேட்டு நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த முறை நீட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வருகிற தைக்குள் அனுமதி வராவிட்டால் இன்னொரு சீசனும் போகும், மானியமும் போகும். புளியமரம் உங்கள் முப்பது நாள் கெடுவைப் பார்த்துக் காய்ப்பதில்லை.

நான் கேட்பவை இவை.

திருப்பி அனுப்பிய விண்ணப்பத்தை முடித்ததாக எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். நான் எத்தனை முறை மறுபடி போட்டாலும் அதே எண், அதே முதல் தேதி இருக்க வேண்டும். முதல் நாள் நான் படியேறியதிலிருந்து உத்தரவு என் கைக்கு வரும்வரை எத்தனை நாள் என்பதை மாவட்ட வாரியாக, அனுமதி வாரியாக வெளியிடுங்கள். சராசரி மட்டும் போதாது. பதினொரு நாளும் நானூற்றுச் சொச்ச நாளும் சேர்ந்தால் ஒரு அழகான சராசரி வந்துவிடும். மிகக் கூடுதலாக ஆனது எத்தனை நாள், எத்தனை பேருக்கு என்பதையும் போடுங்கள்.

குறை இருந்தால் விண்ணப்பம் வந்த ஏழு நாளுக்குள், ஒரே தடவையில், எல்லாக் குறையையும் தமிழில் எழுதிக் கேளுங்கள். எந்தத் தாள், எந்த அலுவலகத்தில் கிடைக்கும், எவ்வளவு கட்டணம் என்று அதிலேயே இருக்கட்டும். பிறகு புதிதாக ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தால், முதல் முறை ஏன் கேட்கவில்லை என்று அந்த அதிகாரி பெயர் போட்டு எழுதட்டும். ஒரு அலுவலகத்தில் என் கோப்பு காத்திருக்கும் காலத்தில் இன்னொரு அரசு அலுவலகத்துச் சான்று காலாவதியாகக் கூடாது. வில்லங்கச் சான்றும் பட்டாவும் அரசின் கணினியில்தானே இருக்கின்றன. நீங்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம், என்னிடம் ஏன் மறுபடி கேட்கிறீர்கள்?

பக்கத்தில் கர்நாடகத்தில் 2012இலிருந்து சகாலா என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. குறித்த நாளுக்குள் சேவை கிடைக்காவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு கேட்க அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. 500 ரூபாயில் என் வாடகை தேறாது. ஆனால் தாமதத்துக்கு ஒரு பொறுப்பாளி உண்டு என்று சட்டமே ஒப்புக்கொள்வது சின்ன விஷயம் இல்லை. ஆனேக்கல்லில் இருக்கும் என் சித்தி மகளுக்கு இருக்கும் அந்த உரிமை, எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் எனக்கும் வேண்டும். சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று நம் மாநிலத்தில் பல வருடமாகக் கேட்டு வருகிறார்கள். அதில் சிறு தொழில் அனுமதிகளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.

ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் ஒரு ஆளைக் கொடுங்கள். புதிதாகப் பதவி உருவாக்க வேண்டாம், பழைய மகளிர் குழு ஊக்குநர்களில் இதைச் செய்யக்கூடியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கோப்பின் எண்ணை வைத்து அது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கும் அதிகாரமும் மாதம் ஒரு சம்பளமும் கொடுத்தால் போதும். வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்த அன்பான மனிதருக்கு வேலை குறையும்.

உலக வங்கி தன் பழைய அறிக்கையை விட்டுவிட்டு 2024 அக்டோபரில் 50 நாடுகளோடு புதிய ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதில் விதி என்ன சொல்கிறது என்பதோடு, நடைமுறையில் என்ன நடக்கிறது என்று தொழில் செய்பவர்களையும் கேட்கிறார்கள். நீங்களும் கேளுங்கள். மத்திய அரசு 2022இல் வெளியிட்ட மாநிலங்களின் பட்டியலில் நம் மாநிலம் முதல் வரிசை ஏழில் ஒன்றாக வந்தது, பெருமைதான். அடுத்த பட்டியலுக்கு முன்னால், அனுமதி கிடைத்தவர்களை மட்டும் கூப்பிடாமல், திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நூறு பேரை, பாப்பிரெட்டிப்பட்டியிலும் பென்னாகரத்திலும் தேன்கனிக்கோட்டையிலும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேளுங்கள். மேடையும் திரையும் வேண்டாம்.

கடைசியாக என் சொந்தக் கோப்பு. மூன்று முறை திரும்பிய என் விண்ணப்பத்தில் இன்னும் என்னென்ன குறை இருக்கிறது என்று முழுப் பட்டியலையும் ஒரே தாளில், கையெழுத்தோடு, பதினைந்து நாளுக்குள் எனக்குக் கொடுங்கள். குறை இல்லை என்றால் உத்தரவைக் கொடுங்கள். தைக்கு முன்னால் தளம் போட்டுவிடுகிறேன்.

இப்படிக்கு,
அரூர் வட்டத்துப் புளிக்காரி